புரிதல் தானே வராது

தொடக்கப் பள்ளியில் வாசிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரிசையைச் சொல்வார்கள். முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு வாக்கியம், அதன் பிறகு வேகம். வேகம் வந்துவிட்டால் பொருள் தானே வந்துவிடும். ஆய்வுக்கு வரும் அலுவலர் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி, பாடநூலில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுக்கிறார். அவள் தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்து முடித்தால் ‘நன்றாக வாசிக்கிறாள்’ என்று குறித்துக்கொள்கிறார். வீட்டிலும் இதே அளவுகோல்தான். செய்தித்தாளைக் கடகடவென்று படித்துக் காட்டும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். படித்ததில் என்ன இருந்தது என்று அலுவலரும் கேட்பதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. வேகம் வந்தால் பொருளும் தானே வரும் என்ற நம்பிக்கை தவறு என்பதுதான் என் வாதம். எழுத்தறிவின் வாலைப் பிடித்துக்கொண்டு புரிதல் வந்து சேராது. அதற்கென்று முதல் நாளிலிருந்தே, காதின் வழியாகவும் பேச்சின் வழியாகவும் உலகைப் பற்றிய அறிவின் வழியாகவும் கற்பித்தால்தான் வரும். அப்படிக் கற்பிக்காமல் விட்டால் நட்டப்படுவது வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைகள்தான்.

இந்த நம்பிக்கை இவ்வளவு வலுவாக வேரூன்றியதற்கு நியாயமான காரணமும் உண்டு. 2005இலிருந்து பிரதம் அமைப்பு நடத்திவரும் அசர் ஆய்வு, கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளின் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னது. எழுத்துகள், சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை, இவ்வளவுதான் அந்தத் தாள். 2022இல் இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரால்கூட அந்தக் கதையை வாசிக்க முடியவில்லை. பள்ளிக்கு அனுப்பிவிட்டால் படிப்பு வந்துவிடும் என்றிருந்த அரசுகளை உலுக்க இப்படிப்பட்ட எண்கள் தேவைப்பட்டன. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. பெருந்தொற்றுக் காலத்து இழப்பும் சேர்ந்துகொள்ள, 2021இல் ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டமும் 2022இல் தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. மூன்றாம் வகுப்பு முடியும்போது பிள்ளை நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்று நிபுண் பாரத் இலக்கு வைத்தது. அந்த இலக்குக்குள் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. 60 சொல் என்பதைக் கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். பொருளுணர்ந்து என்பதை அப்படி அளக்க முடியாது. அளக்க எளிதாக இருந்தது வகுப்பறைக்குள் வந்தது. மற்றொன்று சுற்றறிக்கையோடு நின்றுவிட்டது. அந்த எண்ணே எல்லா மொழிக்கும் பொருந்தாது என்பது வேறு விஷயம். வேற்றுமை, காலம், இடம் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடுக்கும் தமிழில் 60 சொல் என்பது இந்தியில் 60 சொல் ஆகாது. பிறகு மொழிவாரியாகத் தனித்தனி அளவுகள் வகுக்கப்பட்டன.

வேகத்தோடு விட்டுவிடுவதில்லையே, பத்திக்குக் கீழே கேள்வியும் கேட்கிறோமே என்று ஆசிரியர்கள் சொல்லலாம். அந்தக் கேள்விகள் எதைச் சோதிக்கின்றன என்று பார்த்துவிடுவோம். இதற்காகவே நான் புனைந்த வாக்கியம் இது: ‘கரிய நெமுலி ஒன்று தொவரியின் மேல் ஏறி, இரண்டு பிணாங்குகளை வழுமிவிட்டு, மாலையில் ஊர் திரும்பியது.’ நெமுலி, தொவரி, பிணாங்கு, வழுமுதல் ஆகிய எதற்கும் பொருள் கிடையாது. இனி வினாக்கள். நெமுலியின் நிறம் என்ன? கருப்பு. நெமுலி எதன் மேல் ஏறியது? தொவரியின் மேல். எத்தனை பிணாங்குகளை வழுமியது? இரண்டு. எப்போது ஊர் திரும்பியது? மாலையில். நான்குக்கு நான்கு மதிப்பெண். தமிழின் வேற்றுமை உருபுகளும் வினையெச்சங்களும் எந்தச் சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. பொருளே இல்லாத வாக்கியத்திலிருந்தும் சரியான விடையை உருவி எடுத்துவிடலாம். ‘கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடு, அது வருகிற வரியை அப்படியே எழுது’ என்று டியூஷனில் சொல்லிக்கொடுக்கும் உத்தி பலிப்பதும் இதனால்தான். பாடத்தின் கடைசியில் உள்ள வினாக்களின் நிலை இதைவிட மோசம். அவற்றுக்கு விடை கரும்பலகையிலோ கைடிலோ தயாராக இருக்கிறது. பிள்ளை பாடத்தைத் திரும்பப் பார்க்கவே வேண்டியதில்லை. ‘நெமுலி ஏன் ஏறியது, நீயாக இருந்தால் ஏறியிருப்பாயா?’ என்று கேட்டிருந்தால் இந்த நான்கு மதிப்பெண் கிடைத்திருக்காது. அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்பதில்லை.

இது வெறும் தர்க்க விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஒரு பழைய முடிவை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 15 வயது மாணவர்களுக்காக உலக அளவில் நடத்தப்படும் பீசா தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றோடு சேர்ந்த கூடுதல் தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 இறுதியில் முடிவு வெளியானபோது, வாசிப்பில் அடிப்படைத் தேர்ச்சி என்று வரையறுத்த நிலையைத் தொட்ட தமிழ்நாட்டு மாணவர்கள் 17 விழுக்காட்டினர்தான் என்று தெரியவந்தது. அந்த நிலையில் கேட்கப்படுவது பெரிய வித்தை அல்ல: பத்தியில் இரண்டு இடங்களில் இருக்கும் செய்திகளைச் சேர்த்துப் பார்ப்பது, வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றை ஊகிப்பது, பத்தி எதைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்வது. அதே காலத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தார்கள். பாடநூலை வாசித்து, எழுதி, தேர்ச்சியும் பெறத் தெரிந்த தலைமுறைக்கு முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்வது கடினமாக இருந்தது. அந்தத் தேர்வு நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானது என்று அப்போது மறுப்புச் சொன்னார்கள். அடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவும் இல்லை. அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் எதை ஒப்புக்கொள்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். பழக்கமில்லாத சூழல் வந்தால் புரிதல் தடைபடும் என்றால், புரிதல் எழுத்திலும் வேகத்திலும் மட்டும் இல்லை, வாசிப்பவர் ஏற்கெனவே அறிந்துவைத்திருப்பதிலும் இருக்கிறது என்றுதானே ஆகிறது?

வாசிப்பு ஆய்வாளர்கள் இதை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். 1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் முன்வைத்த எளிய கருத்து இன்றும் இந்தத் துறையின் அடித்தளமாக இருக்கிறது. புரிந்து வாசித்தல் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பது என்றார்கள். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று சுழியம் ஆனால் விடையும் சுழியம். ஒன்று எவ்வளவு உயர்ந்தாலும் மற்றதன் குறையை அது ஈடுகட்டாது. தமிழில் இந்தக் கருத்துக்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. எழுதியிருப்பதைக் கண்டு ஒலிக்கும் முறை தமிழில் ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. குறியீடுகளைக் கற்றுக்கொண்ட பிள்ளை தனக்குத் தெரியாத சொல்லையும், கேட்டே இராத சொல்லையும் பிழையின்றி ஒலித்துவிட முடியும். ஆங்கிலத்தில் பாதி வழியில் திணறும் பிள்ளையைப் பார்த்தாவது ஆசிரியருக்கு ஐயம் வரும். தமிழில் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. இங்கே சரளம் என்பது புரிதலுக்கு மிகப் பலவீனமான சாட்சி.

எழுத்தையும் வேகத்தையும் தாண்டி என்ன தேவைப்படுகிறது என்பதற்கு மூன்று வரிகள் போதும். ‘ஐப்பசி பாதி போயும் கண்மாயில் தண்ணீர் ஏறவில்லை. நீர்பாய்ச்சி மடைப்பக்கமே போகவில்லை. அன்று மாலை முருகாயி விதைக்கோட்டையை அவிழ்த்து இரண்டு படி நெல்லை எடுத்து உரலில் போட்டாள்.’ எழுத்தளவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் கடினமானது ஒன்றும் இல்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் ஊர்ப் பிள்ளைக்கு மூன்றாவது வரி வந்ததும் நெஞ்சு கனக்கும். மழை பொய்த்துவிட்டது, விதைப்பு இல்லை, வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை, அடுத்த போகத்துக்கு வைத்திருந்த விதையையே குத்தித் தின்கிறார்கள் என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளை அதைவிட வேகமாக வாசித்துவிட்டு, ‘எத்தனை படி எடுத்தாள்?’ என்ற கேள்விக்குச் சரியாக விடையும் சொல்லிவிட்டு, அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதே தெரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். விமான நிலையத்தைப் பற்றி மூன்று வரி எழுதினால் நிலைமை தலைகீழாகும். பாடநூலும் தேர்வும் பெரும்பாலும் எந்தப் பிள்ளையின் உலகத்தை எடுத்துக்கொள்கின்றன என்பது வேறு கட்டுரைக்கான கேள்வி.

புரிதல் முன்னறிவைப் பொறுத்தது என்பது ஊகம் இல்லை. 1988இல் அமெரிக்காவில் டானா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேரை எடுத்துக்கொண்டு, பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை வருணிக்கும் பத்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் நன்கு தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிப்பவர்கள் என்று பெயர் வாங்கியும் அந்த ஆட்டம் தெரியாதவர்களைவிடப் பத்தியைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். நினைவில் வைத்துச் சொன்னார்கள். ஜெர்மனியில் கால்பந்தை வைத்துச் செய்த ஆய்வும் இதே திசையில்தான் முடிந்தது. ‘வாசிப்பில் மெல்லக் கற்பவர்’ என்று நாம் முத்திரை குத்தும் பிள்ளை, தனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி வாசிக்கும்போது மெல்லக் கற்பவராக இருப்பதில்லை.

இதற்கு வரக்கூடிய வலுவான எதிர்வாதம் இதுதான்: எழுத்தே தெரியாத பிள்ளைக்குப் புரிதலைப் பற்றி என்ன பேச்சு? எழுத்துக் கூட்டுவதிலேயே மனம் முழுவதும் செலவாகும்போது பொருளைப் பிடிக்க இடம் எங்கே? வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகிறதே? உண்மைதான். எழுத்தை முறையாக, வரிசையாக, ஐயமறக் கற்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் முறைகளை நம்பி ஆங்கிலம் பேசும் நாடுகள் பல ஆண்டுகளை வீணாக்கின; அந்தப் பாதை நமக்கு வேண்டாம். நான் மறுப்பது ‘முதலில் இது, பிறகு அது’ என்ற வரிசையை மட்டும்தான். கன்னடம் கற்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சொனாலி நாக், உயிர்மெய்க் குறியீடுகள் நிறைந்த எழுத்து முறையில் எழுத்துகளை முழுமையாக வசப்படுத்துவது முதல் இரண்டு வகுப்புகளோடு முடிவதில்லை, நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று காட்டினார். 216 உயிர்மெய்களைக் கொண்ட தமிழிலும் நிலைமை பெரிதாக வேறுபடக் காரணம் இல்லை. எழுத்து முடியட்டும், பிறகு புரிதல் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு ஒன்பது வயதாகிவிடும். அதற்குள் என்ன நடக்கிறது என்பதை ஜீன் சால் தம் சகாக்களோடு 1990இல் வெளியிட்ட நூல் சொல்கிறது. அமெரிக்காவின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு வரை மற்றவர்களோடு ஈடுகொடுத்துவிட்டு, நான்காம் வகுப்பிலிருந்து சரியத் தொடங்கினார்கள். முதலில் சரிந்தது வாசிக்கும் திறன் அல்ல, அரிதாக வரும் சொற்களின் பொருளறிவு. மூன்றாண்டுகளாக எழுத்துக்கு மட்டும் உரமிட்டதால், பாடங்கள் பேச்சு வழக்கைத் தாண்டிய அந்த இடத்தில் அவர்களிடம் கையிருப்பு இல்லாமல் போயிற்று.

ஐந்து வயதுப் பிள்ளையால் எழுத்தில் ‘அணில்’ வரைதான் போக முடியும். காதில் அவள் எவ்வளவோ தூரம் போவாள். பாட்டி சொல்லும் கதையில் யார் யாருக்குப் பொய் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்றெல்லாம் அவளால் பின்தொடர முடியும். ஆசிரியர் வாசித்துக் காட்டி, நிறுத்தி, கேட்டு, பேசவிட்டால் அவளுடைய புரிதல் எழுத்துக்காகக் காத்திருக்காமல் வளரும். இங்கே தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று குறுக்கே வருகிறது. வீட்டில் ‘வந்துட்டிருக்காங்க’ என்று கேட்ட பிள்ளை புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று பார்க்கிறாள். சரியாக எழுத்துக் கூட்டிய பிறகும் அவள் வந்து சேர்வது தன் வாயில் இல்லாத ஒரு சொல்லிடம். வீட்டில் தெலுங்கோ உருதோ படுகு மொழியோ பேசும் பிள்ளைக்கும், திருப்பூருக்கு வேலை தேடி வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைக்கும் தூரம் இன்னும் அதிகம். வகுப்பில் பேச்சுத் தமிழை விட்டால் மொழி கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை மெய்யானது. ஆனால் தீர்வு எதிர்த்திசையில் இருக்கிறது. தமிழைப் போலவே பேச்சும் எழுத்தும் பிரிந்து நிற்கும் அரபு மொழியில், மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து மாதம் நாள்தோறும் எழுத்து நடையிலேயே கதை வாசித்துக் காட்டிய ஆய்வை டினா ஃபைடெல்சன் குழுவினர் 1993இல் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதிலும், படம் பார்த்துக் கதை சொல்வதிலும் மற்ற வகுப்புப் பிள்ளைகளை முந்தினார்கள். நல்ல எழுத்துத் தமிழ் பிள்ளையின் காதுக்குள் கதையாக இறங்கட்டும். அதைப் பற்றிய பேச்சு அவளுடைய வாய்மொழியிலேயே நடக்கட்டும். ‘கொச்சையாகப் பேசாதே’ என்று வாயை அடைத்துவிட்டு ‘உனக்கு என்ன புரிந்தது?’ என்று கேட்டால் பதில் வராது.

கற்பித்தல் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் சோதித்தல்தான். டோலோரஸ் டர்கின் 1970களின் இறுதியில் அமெரிக்க நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து வாசிப்புப் பாடவேளையைக் கடிகாரம் வைத்துக் கவனித்தார். 4,469 நிமிடங்களில் புரிதலைக் கற்பிக்கச் செலவானது 20 நிமிடம். மீதி நேரத்தின் பெரும்பகுதி கேள்வி கேட்பதிலும் பயிற்சித்தாளிலும் போயிற்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் யாராவது இப்படிக் கடிகாரத்தோடு உட்கார்ந்தால் பெரிய வேறுபாடு தெரியும் என்று நான் நம்பவில்லை. மையக் கருத்தைக் கண்டுபிடி, தலைப்பிடு, சுருக்கி எழுது என்று உத்திகளைக் கற்பித்தால் போதாதா என்றால், அவை ஓரளவு உதவும். சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் விதைக்கோட்டை என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு முருகாயி கதையின் மையக் கருத்தை எந்த உத்தியும் எடுத்துத் தராது. கற்பிப்பது என்றால் ஆசிரியர் அந்த மூன்றாவது வரியில் நிற்க வேண்டும். வைக்கோல் பிரியால் சுற்றிக் கட்டிய விதைக்கோட்டையை விளக்க வேண்டும். முடிந்தால் படம் காட்ட வேண்டும். விதையைத் தின்றுவிட்டால் அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ‘நீர்பாய்ச்சி ஏன் போகல?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், வேறொரு பிள்ளையைப் பதில் சொல்ல விட வேண்டும். தவறான பதில் வந்தால் ‘எந்த வரியிலிருந்து அப்படி நினைத்தாய்?’ என்று பக்கத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கு ஆசிரியர் முந்தைய நாளே அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன. எண்ணும் எழுத்தும் திட்டத்துக்காகப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்க வேண்டும். செயலியில் மதிப்பீடுகளைப் பதிய வேண்டும். பயிற்சிநூலை முடிக்க வேண்டும். வாசித்துக் காட்டிப் பேசுவதற்கு நாளுக்கு 20 நிமிடம் என்பது இந்தச் சுமையின் மேல் இன்னொன்று என்று தோன்றும். ஆனால் எழுத்தில் வெவ்வேறு நிலைகளில் இருக்கும் பிள்ளைகளை ஒரே கதைக்கு ஒன்றாக உட்கார வைக்க முடிவது காதால் கேட்கும் வேளையில்தான்; பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பாடவேளை இல்லை. மொழியும் கணக்கும் பின்தங்கினால் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் கைவைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். மண்ணையும் மழையையும் ஊராட்சியையும் பற்றி அந்தப் பாடங்களில் கற்பதுதான் நாளை வாசிப்புப் பத்தியைத் திறக்கும் சாவி. கருவிகளுக்கும் பஞ்சம் இல்லை. பள்ளிக் கல்வித் துறையே ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களைக் கொண்டுவருகிறது. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலையோடு பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. அவை பீரோவில் பூட்டியிருக்கக் கூடாது. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் படுவதற்காக அடுக்கியிருக்கவும் கூடாது.

புரிதலை எண்ணாக்க முடியாது, எண் இல்லாமல் அரசு இயங்காது என்பது கடைசி எதிர்வாதம். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்பதை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதே தாளில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும்: ஆசிரியர் வாசித்துக் காட்டிய கதையைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொன்னாளா? பத்தியில் நேரடியாக இல்லாத ஒரு ‘ஏன்’ கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொன்னாளா? அலுவலர் இவ்விரண்டையும் கேட்கத் தொடங்கினால் ஆசிரியர்களும் அதற்காக நேரம் ஒதுக்குவார்கள். துறை அதைச் செய்யும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளை எத்தனை சொல் வாசிக்கிறாள் என்பதோடு இதையும் கேளுங்கள்: இந்த வாரம் பிள்ளைகளுக்கு என்ன கதை வாசித்துக் காட்டினீர்கள், அதைப் பற்றி அவர்கள் என்ன பேசினார்கள்?